வால்மார்ட் – லைட்காயின், 2021: உறுதிப்படுத்தாத செய்தி ஒன்று சமூகத்தின் சொந்தக் கணக்கிலேயே பரவியது எப்படி

கிரிப்டோ நாணயங்களைப் பற்றிச் செய்தி தரும் தளங்களிலும் கணக்குகளிலும் பல, அந்த நாணயங்களை வைத்திருக்கும் ஆர்வலர்களே நடத்துபவை. சம்பளத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். இரவு பத்து மணிக்கு ஒரு தகவல் வந்தால், அப்போது விழித்திருப்பவர்தான் அதைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். உறுதியாகாத தகவலை "இன்னும் உறுதியாகவில்லை" என்ற வரியோடு போட்டால் தப்பில்லை என்பதுதான் அங்கே பெரும்பாலும் சொல்லப்படும் பதில்.

அந்தப் பதில் சரியா என்று பார்க்க, அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் லைட்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தை ஏற்கப்போவதாக 2021 செப்டம்பரில் பரவிய பொய்ச் செய்தியை எடுத்துக்கொள்கிறேன். ஒரே காலைப் பொழுதில் தொடங்கி முடிந்த நிகழ்வு இது. நடந்தவை எல்லாம் பொதுவெளியில் பதிவாகியிருக்கின்றன. பொய்யைப் பரப்பியவர்களில் அந்த நாணயத்தின் நலனுக்காகவே இயங்கும் அமைப்பும் ஒன்று என்பதால், சமூகமே நடத்தும் செய்தித் தளங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சம்பந்தப்பட்ட ஊழியர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை. அன்று அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அதையே செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

பின்னணி

லைட்காயின் 2011 அக்டோபரில் தொடங்கியது. பிட்காயினின் நிரலை எடுத்துச் சில மாற்றங்கள் செய்து உருவாக்கப்பட்டது. பிட்காயினில் ஒரு பிளாக் (பரிமாற்றங்களைப் பதியும் ஒரு தொகுப்பு) சேர ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும், இதில் இரண்டரை நிமிடம். மொத்தம் வரக்கூடிய நாணயங்கள் 8.4 கோடி. இதை உருவாக்கியவர் தன் கையிருப்பில் ஏறத்தாழ எல்லாவற்றையும் 2017 டிசம்பரில் விற்றோ நன்கொடையாகக் கொடுத்தோ விட்டதாகத் தானே அறிவித்திருந்தார். தான் எழுதும் ஒவ்வொரு வரியும் விலையைப் பாதிக்கிறது, அது தனக்கு லாபம் தருவதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இந்த விஷயம் பின்னால் முக்கியமாகும்.

லைட்காயின் வலையமைப்புக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஆனால் லைட்காயின் அறக்கட்டளை என்ற லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று உண்டு. மேம்பாட்டுப் பணிக்கும் பரப்புரைக்கும் அதுதான் முகம். லைட்காயின் வைத்திருப்பவர் ஒரு செய்தியைக் கேள்விப்பட்டால் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அந்த அறக்கட்டளையின் ட்விட்டர் கணக்கு. பெயருக்கு அது விளம்பரக் கணக்கு என்றாலும், நடைமுறையில் அந்தச் சமூகத்தின் செய்தி நிறுவனம் அதுதான்.

2021ஆம் ஆண்டின் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் டெஸ்லா 150 கோடி டாலருக்கு பிட்காயின் வாங்கியதாகச் சொன்னது. செப்டம்பர் 7ஆம் தேதி எல் சால்வடார் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக ஆக்கியது. ஆகஸ்டில் வால்மார்ட் ஒரு வேலை விளம்பரம் வெளியிட்டிருந்தது: டிஜிட்டல் நாணயம், கிரிப்டோ தொடர்பான திட்டங்களை வழிநடத்த ஒருவர் தேவை என்று. அது உண்மையான விளம்பரம். அடுத்து ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனம் கிரிப்டோவை ஏற்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு எல்லோரிடமும் இருந்தது. பொய் எழுதியவர் அந்த எதிர்பார்ப்பை நன்றாகவே அளந்து வைத்திருந்தார்.

இன்னொரு கண்ணி, செய்திக் குறிப்புகளை விநியோகிக்கும் நிறுவனங்கள். அமெரிக்காவில் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளைப் பெரும்பாலும் குளோப்நியூஸ்வயர், பிஆர் நியூஸ்வயர் போன்றவை வழியாக வெளியிடுகின்றன. கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் குறிப்பைப் பதிவேற்றும். அது ஒரே நேரத்தில் செய்தி அறைகளுக்கும், நிதிச் சந்தைத் திரைகளுக்கும், தானாகவே மறுபதிப்பு செய்யும் நூற்றுக்கணக்கான தளங்களுக்கும் போய்விடும். அவற்றைப் படித்து, மனிதர் யாரும் பார்க்குமுன்பே வாங்கி விற்கும் நிரல்களும் உண்டு. இந்த விநியோக நிறுவனம் தபால்காரர் வேலையைத்தான் செய்கிறது. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று சோதிப்பது அதன் வேலை அல்ல. அனுப்பியவர் யார் என்று சோதிப்பது அதன் வேலைதான், அதில்தான் அன்று ஓட்டை விழுந்தது.

செப்டம்பர் 13, திங்கட்கிழமை

நியூயார்க்கில் பங்குச்சந்தை தொடங்கும் நேரத்தை ஒட்டி, காலை 9:30 வாக்கில், குளோப்நியூஸ்வயரில் ஒரு செய்திக் குறிப்பு வந்தது. நம் ஊரில் அப்போது இரவு ஏழு மணி. வால்மார்ட் லைட்காயினுடன் பெரிய அளவில் கூட்டு சேர்ந்திருப்பதாகத் தலைப்பு சொன்னது. அக்டோபர் 1 முதல் வால்மார்ட்டின் எல்லா இணையக் கடைகளிலும் லைட்காயினில் பணம் செலுத்தலாம் என்று உள்ளே இருந்தது. வால்மார்ட்டின் தலைமைச் செயல் அதிகாரி சொன்னதாக ஒரு மேற்கோளும் இருந்தது. முழுக்கக் கற்பனை.

அப்போது லைட்காயின் விலை 175 டாலர் அளவில் இருந்தது. குறிப்பு வந்த சில நிமிடங்களில் ஏறத் தொடங்கி, உச்சத்தில் சுமார் 237 டாலரைத் தொட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான ஏற்றம். அன்று புழக்கத்தில் இருந்தவை சுமார் 6.6 கோடி நாணயங்கள். கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 400 கோடி டாலர் மதிப்பு காற்றில் உருவாகியிருந்தது.

ராய்ட்டர்ஸ், சிஎன்பிசி போன்ற பெரிய நிறுவனங்களும் இந்தச் செய்தியை வெளியிட்டன. இதே நேரத்தில்தான் லைட்காயின் அறக்கட்டளையின் சரிபார்க்கப்பட்ட ட்விட்டர் கணக்கும் அந்தக் குறிப்பைப் பகிர்ந்தது. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பலருக்கு அந்தப் பகிர்வுதான் கடைசிச் சான்றாக இருந்திருக்கும். வால்மார்ட் கூட்டு சேர்ந்ததாகச் சொல்லப்படும் தரப்பே செய்தியைப் பகிர்ந்தால், அதற்குமேல் என்ன உறுதி வேண்டும்?

அதன் பின் எல்லாம் சரசரவென்று கலைந்தது. இந்தக் குறிப்பைப் பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியாது, இது உண்மை அல்ல என்று வால்மார்ட்டின் செய்தித் தொடர்பாளர் சொன்னார். விநியோக நிறுவனம் குறிப்பைத் திரும்பப் பெற்று, அதைப் புறக்கணிக்கும்படி அறிவித்தது. அறக்கட்டளையின் பதிவு நீக்கப்பட்டது. வால்மார்ட்டுடன் எந்தக் கூட்டும் இல்லை என்று அறக்கட்டளை தெரிவித்தது. விலை பழைய இடத்துக்கே, 180 டாலருக்குக் கீழே, வந்து நின்றது.

கண்முன் இருந்த அடையாளங்கள்

பின்னாலிருந்து பார்த்தால் எல்லாமே தெளிவாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது. சந்தேகத்துக்கான அடையாளங்கள் குறிப்பு வந்த நிமிடத்திலேயே அங்கே இருந்தன.

முதலாவது, வால்மார்ட்டின் சொந்தச் செய்திப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இல்லை. உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் தன் இணையக் கடைகள் அனைத்திலும் புதிய கட்டண முறையைக் கொண்டுவருகிறது என்றால் அது தன் தளத்தில் வராமல் இருக்காது. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது, தொடர்புக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலின் முகவரி. வால்மார்ட்டின் வழக்கமான முகவரியோடு ஒரு கோடும் "கார்ப்" என்ற ஒட்டும் சேர்த்தது போன்ற பெயர். அந்த இணையப் பெயர் சில வாரங்களுக்கு முன்புதான் பதிவாகியிருந்தது. ஒரு இணையப் பெயர் எப்போது பதிவானது என்பதை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குறிப்பு சொன்னது லைட்காயினுடன் கூட்டு என்று. அப்படி ஒரு கூட்டு உண்மையாக இருந்தால், அது அறக்கட்டளையின் அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வெளியே எங்கும் போகத் தேவையில்லை. சக ஊழியர் ஒருவரிடம் "இது நமக்குத் தெரியுமா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

அப்படியானால் ஏன் கேட்கவில்லை?

பகிரும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது

அறக்கட்டளையின் தலைவர் அன்றே தொலைக்காட்சியில் பேசும்போது, தங்கள் சமூக ஊடகக் குழுவில் ஒருவர் ஆர்வமிகுதியில் அவசரப்பட்டுப் பகிர்ந்துவிட்டார் என்றும், அது தங்கள் தவறு என்றும் ஒப்புக்கொண்டார். அந்தப் பதில் நேர்மையானது. ஆனால் அவசரம் என்பதோடு விளக்கத்தை முடித்துவிட்டால் நாம் கற்க எதுவும் இருக்காது. அந்த அவசரத்துக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, வந்த வழியின் மரியாதை. தகவல் ஏதோ ஒரு டெலிகிராம் குழுவிலிருந்து வரவில்லை. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் விநியோக நிறுவனத்திலிருந்து வந்தது. பிறகு பெரிய செய்தி நிறுவனங்களும் போட்டன. ஆனால் இவை எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பத்து பேர் சொன்னாலும் அந்தப் பத்து பேரும் ஒரே காகிதத்தைப் படித்துத்தான் சொன்னார்கள். யார் வேறு வழியாக, தாமாக விசாரித்துச் சொன்னார்கள் என்று எண்ணினால் கணக்கு பூஜ்யம்.

இரண்டு, லைட்காயினின் அமைப்பே. அது பொது வலையமைப்பு. ஒரு கடை லைட்காயினை ஏற்றுக்கொள்ள அறக்கட்டளையின் அனுமதி தேவையே இல்லை. ஆகவே "நமக்குத் தெரியாமல் வால்மார்ட் சேர்த்திருக்கலாம்" என்ற நினைப்பு ஒரு ஊழியருக்கு இயல்பாகவே வரும். மையம் இல்லாத நாணயங்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மறுத்துச் சொல்ல முழு அதிகாரம் உள்ளவர் யாரும் இல்லாததால், எந்தக் கதையும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும்.

மூன்று, ஆசை. அந்தக் கணக்கை நடத்துபவருக்கும் அதைப் பின்தொடர்பவர்களுக்கும் அந்தச் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. வருடக்கணக்காக "கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் நாணயம்" என்று சொல்லி வந்தவர்களுக்கு, உலகின் மிகப் பெரிய கடை "சரி" என்று சொல்லிவிட்டதாக ஒரு காகிதம் வருகிறது. அந்தக் காகிதத்தைச் சந்தேகிக்க மனம் வராது. இதே அறக்கட்டளைக்கு, "லைட்காயினை வால்மார்ட் தடை செய்தது" என்று ஒரு குறிப்பு அதே விநியோக நிறுவனத்திலிருந்து வந்திருந்தால், பகிர்வதற்கு முன் நிச்சயம் நான்கு இடங்களில் விசாரித்திருப்பார்கள். கெட்ட செய்திக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை நல்ல செய்திக்குக் காட்டாததில்தான் கோளாறு இருக்கிறது.

சமூகம் நடத்தும் செய்தித் தளத்துக்கும் தொழில்முறைப் பத்திரிகைக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இங்கேதான். பத்திரிகைக்காரர் முந்தித் தரும் வேகப் போட்டியில் தவறு செய்வார். சமூகத் தளத்தை நடத்துபவருக்கு அந்தப் போட்டியோடு சேர்த்துத் தன் கையிருப்பும் அந்தச் செய்தியோடு கட்டப்பட்டிருக்கிறது. லைட்காயினை உருவாக்கியவர் 2017இல் விற்றது இந்த முடிச்சைத் தன்னளவில் அவிழ்க்கத்தான். ஆனால் ஒருவர் விலகியதால் அமைப்பு முழுவதும் மாறிவிடாது.

யார் இழந்தார்கள்

அன்று லாபம் பார்த்தவர் யார் என்று ஊகிப்பது எளிது: குறிப்பு வருவதற்கு முன்பே வாங்கி வைத்து, ஏற்றத்தில் விற்றவர். இழந்தவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

220, 230 டாலரில் வாங்கியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். ஃபியூச்சர்ஸ் சந்தையில், அதாவது பின்னால் வரும் விலைமீது பந்தயம் வைக்கும் சந்தையில், இருந்தவர்களுக்கு அடி இரண்டு பக்கமும் விழுந்தது. விலை இறங்கும் என்று பந்தயம் வைத்திருந்தவர்களின் நிலை ஏற்றத்தில் கட்டாயமாக மூடப்படும். ஏறும் என்று கடனில் வாங்கியவர்களின் நிலை இறக்கத்தில் மூடப்படும். பத்து மடங்கு கடன் வைத்து வாங்கியவருக்கு விலை பத்து சதவீதம் எதிராகப் போனாலே போட்ட முதலீடு முழுதும் காலி. அதன்பின் விலை பழைய இடத்துக்குத் திரும்பினாலும் அவருடைய பணம் திரும்பாது. மறுப்பு வெளியிட்டாலும் இந்த இழப்பு சரியாகாது என்பதை ஒவ்வொரு தள நிர்வாகியும் மனதில் வைக்க வேண்டும்.

பங்குச்சந்தையில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. 2000 ஆகஸ்ட் 25ஆம் தேதி எமுலெக்ஸ் என்ற நிறுவனத்தைப் பற்றி இதேபோல ஒரு பொய்ச் செய்திக் குறிப்பு விநியோக நிறுவனம் வழியாக வந்தது. தலைமை அதிகாரி விலகினார், லாபக் கணக்கு திருத்தப்படுகிறது என்று. பங்கு விலை 113 டாலரிலிருந்து 43 டாலருக்குச் சரிந்தது. நாஸ்டாக் பங்குச்சந்தை அதன் வர்த்தகத்தை நிறுத்தியது. நிறுவனம் மறுப்பு சொன்ன பிறகுதான் மறுபடி திறந்தது. பொய்யை எழுதியவர் அந்த விநியோக நிறுவனத்தின் முன்னாள் ஊழியர், 23 வயது இளைஞர். பின்னர் சிறைக்குப் போனார். கிரிப்டோ சந்தை உலகம் முழுக்கப் பல பரிமாற்றகங்களில் (எக்ஸ்சேஞ்சுகளில்) இரவு பகலாக நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. வதந்திக்கும் வாசகரின் பணத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு, அதைப் பகிர்பவரின் நிதானம்தான்.

இந்தியாவிலிருந்து வாங்கி விற்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தோடு கழித்துக்கொள்ள முடியாது. வதந்தியை நம்பி ஒரு மாலையில் இழந்த பணத்தை வரிக் கணக்கில்கூடக் காட்டி ஈடு செய்ய வழியில்லை.

அதன் பின் வந்தவை

தங்கள் தளத்தில் மோசடிக் கணக்கு ஒன்றிலிருந்து பொய்யான குறிப்பு வெளியிடப்பட்டது என்று விநியோக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடையாளச் சோதனையைக் கடுமையாக்கியதாகவும் சொன்னது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 5ஆம் தேதி, க்ரோகர் என்ற இன்னொரு அமெரிக்க மளிகை நிறுவனம் பிட்காயின் கேஷை ஏற்கப்போவதாக பிஆர் நியூஸ்வயரில் ஒரு குறிப்பு வந்தது. அதுவும் பொய். அந்த நாணயமும் சற்று ஏறி இறங்கியது. ஒரு கதவைப் பூட்டியதும் பக்கத்துக் கதவு வழியாக வந்துவிட்டார்கள். ஊற்றுக்கண்ணில் இருப்பவர் சரிசெய்துகொள்வார் என்று பகிர்பவர் காத்திருக்க முடியாது என்பதற்கு இது போதுமான சான்று.

"உறுதியாகவில்லை" என்ற வரியைச் சேர்த்தால் போதாதா என்ற கேள்விக்கு விடை 2023இல் கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, கிரிப்டோ செய்தித் தளமான காயின்டெலிகிராஃப், பிளாக்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பிட்காயின் இடிஎஃப் நிதிக்கு (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் கொடுத்துவிட்டதாக எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் போட்டது. டெலிகிராமில் வந்த, உறுதிப்படுத்தப்படாத ஒரு திரைப்பிடிப்புதான் (ஸ்கிரீன்ஷாட்) ஆதாரம். ஆசிரியர் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திராமல் சமூக ஊடகக் குழுவிலிருந்து பதிவு போய்விட்டது என்று அந்தத் தளமே பிறகு விளக்கி மன்னிப்பு கேட்டது. 28,000 டாலருக்குக் கீழே இருந்த பிட்காயின் 30,000 டாலரை ஒட்டிப் போய்விட்டுத் திரும்பியது. விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது என்று பிளாக்ராக் சொன்னது.

அந்தப் பதிவை நீக்குவதற்கு முன் இடையில் ஒருமுறை திருத்தி, "ஒப்புதல் கிடைத்ததாகத் தெரிகிறது" என்ற தொனிக்கு மாற்றினார்கள். பயன் எதுவும் இல்லை. முதல் நிமிடத்திலேயே வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள். தலைப்பின் முதல் மூன்று சொற்களைப் படித்து விரலை அழுத்துபவருக்கு நான்காவது சொல்லில் உள்ள எச்சரிக்கை போய்ச் சேராது. வாசகர் கவனமாகப் படிக்கவில்லை என்று அவர்மேல் பழி போடவும் கூடாது. வேகமாகப் படிக்க வைக்கத்தானே அப்படித் தலைப்பு வைக்கிறோம்.

சரி, அதிகாரபூர்வ இடத்தை மட்டும் நம்பலாமா? அந்த ஒழுங்குமுறை ஆணையம் அன்று, தன்னைப் பற்றிய தகவலுக்குத் தானே சிறந்த ஆதாரம் என்று அறிவுரை சொன்னது. மூன்று மாதத்துக்குள், 2024 ஜனவரி 9ஆம் தேதி, அதே ஆணையத்தின் எக்ஸ் கணக்கையே யாரோ கைப்பற்றி, இடிஎஃப்களுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டதாகப் போட்டார்கள். கணக்கோடு இணைந்திருந்த தொலைபேசி எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி உள்ளே நுழைந்திருக்கிறார்கள். இரட்டைச் சரிபார்ப்பு சில மாதங்களாகவே அணைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் ஆணையத்தின் தலைவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து மறுத்தார். மறுநாள், ஜனவரி 10ஆம் தேதி, உண்மையான ஒப்புதல் வந்தது. அது ஆணையத்தின் இணையதளத்தில் உத்தரவாக, கையெழுத்தோடு இருந்தது. முந்தைய நாள் பொய்க்குப் பின்னால் அப்படி ஓர் ஆவணம் இல்லை. கணக்கு யாருடையது என்பதோடு நின்றுவிடாமல், பின்னால் ஆவணம் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் ஜனவரி 9ஆம் தேதி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

வதந்தி உண்மையாக இருந்தால்?

இந்த ஆய்வுக்கு எதிரான வலுவான வாதம், திவாலான எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றகம். 2022 நவம்பர் தொடக்கத்தில் அந்தப் பரிமாற்றகம் பற்றிச் சந்தேகங்கள் பரவின. அதன் நிறுவனர் 7ஆம் தேதி, போட்டியாளர் ஒருவர் பொய் வதந்தி பரப்புகிறார், எங்கள் சொத்துகள் பத்திரமாக இருக்கின்றன என்று எழுதினார். 8ஆம் தேதி பணம் எடுப்பது நின்றது. 11ஆம் தேதி திவால் மனு. அந்த வாரம் "உறுதியாகும் வரை பேசமாட்டோம்" என்று இருந்த சமூகத் தளம் தன் வாசகரைக் கைவிட்டதாக ஆகாதா?

இது நியாயமான கேள்வி. வாசகரின் பணம் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கும்போது மௌனமும் ஒரு முடிவுதான். ஆனால் எஃப்டிஎக்ஸ் விவகாரம் எதிலிருந்து தொடங்கியது என்று பார்க்க வேண்டும். நவம்பர் 2ஆம் தேதி கிரிப்டோ செய்தித் தளமான காயின்டெஸ்க் வெளியிட்ட செய்தி அது. அதன் பின்னால், எஃப்டிஎக்ஸ் நிறுவனரின் இன்னொரு நிறுவனமான அலமேடாவின் சொத்துக் கணக்கு ஆவணம் இருந்தது. ஜூன் 30 நிலவரப்படி மொத்தச் சொத்து 1,460 கோடி டாலர், அதில் மிகப் பெரிய இனம் எஃப்டிஎக்ஸ் தானே வெளியிட்ட டோக்கன் (டிஜிட்டல் நாணயம்), 366 கோடி டாலர் அளவுக்கு என்று எண்களோடு இருந்தது. எழுதியவர் யார் என்று தெரியும். மறுக்க விரும்புபவர் எந்த எண்ணை மறுக்கிறோம் என்று சொல்ல வேண்டிவரும். மூழ்கப்போகிறது என்று அந்தச் செய்தி சொல்லவே இல்லை. கணக்கில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னது. முடிவை வாசகர்களே எடுத்தார்கள்.

"எஃப்டிஎக்ஸ் மூழ்கப்போகிறதாம்" என்று பெயர் இல்லாத ஒருவர் எழுதியதைப் பகிர்வது வேறு, இதைப் பகிர்வது வேறு. சமூகத் தளங்கள் இந்த இரண்டாவது வேலையைத் தாராளமாகச் செய்யலாம். அதற்கு அவர்களிடம் ஒரு வசதியும் இருக்கிறது. கிரிப்டோவில் பரிமாற்றங்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் இருப்பதால், ஒரு பரிமாற்றகத்தின் அறியப்பட்ட முகவரியிலிருந்து பணம் வெளியேறுகிறதா, எடுக்கும் கோரிக்கைகள் நிறைவேறுகின்றனவா என்பதை ஆர்வலர்களே பார்த்துச் சொல்லமுடியும். "இன்று மதியம் முதல் எங்கள் வாசகர்கள் பலருக்குப் பணம் எடுக்க முடியவில்லை, பேரேட்டில் இந்த முகவரியிலிருந்து கடைசிப் பரிமாற்றம் இத்தனை மணிக்கு" என்று எழுதினால் அது வதந்தி அல்ல. தாமே பார்த்துச் சரிபார்த்த தகவல். பெரிய செய்தி நிறுவனங்களால்கூட அதை அவ்வளவு சீக்கிரம் தரமுடியாது.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

என் முடிவு இதுதான்: விலையை நகர்த்தக்கூடிய, உறுதிப்படுத்தாத தகவலைச் சமூகம் நடத்தும் செய்தித் தளம் வெளியிடக்கூடாது. எச்சரிக்கை வரி சேர்த்தும் வெளியிடக்கூடாது. ஏற்கெனவே பரவிவிட்ட வதந்தியைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால், அது எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதையே தலைப்பாக்க வேண்டும். "வால்மார்ட் லைட்காயினை ஏற்கிறது – உறுதியாகவில்லை" என்று போடாமல், "வால்மார்ட்டின் தளத்தில் லைட்காயின் அறிவிப்பு எதுவும் இல்லை" என்று அன்று காலை ஒரே ஒரு தளம் போட்டிருந்தால், சில பேராவது 230 டாலரில் வாங்காமல் இருந்திருப்பார்கள். அது உண்மையான செய்தியும்கூட.

பதிவிடும் உரிமை உள்ளவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, விலை சார்ந்த பதிவுகளுக்கு இரண்டாவது ஆளின் ஒப்புதல் கட்டாயம் என்று வைப்பது நல்லது. தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளில் இருப்பார்கள், இரவில் ஆள் கிடைக்காது என்பது வழக்கமான மறுப்பு. ஆள் கிடைக்காவிட்டால் காலை வரை காத்திருப்போம். வால்மார்ட் உண்மையிலேயே லைட்காயினை ஏற்றிருந்தால், அந்தச் செய்தி மறுநாள் காலையிலும் உண்மையாகவே இருந்திருக்கும். முதலில் சொன்னோம் என்ற பெருமையைத் தவிர வாசகருக்கு எந்த நஷ்டமும் இருந்திருக்காது. அந்தப் பெருமையும் தளத்துடையதே ஒழிய வாசகருடையது அல்ல.

கையிருப்பை வெளிப்படையாகச் சொல்வதும் அவசியம். எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. இந்த நாணயம் என்னிடம் இருக்கிறது என்பது எழுதுபவரின் பெயருக்குக் கீழே இருக்க வேண்டும். வைத்திருப்பவர்தான் எழுதுவார் என்பது சமூகத் தளத்தின் இயல்பு. அதை மாற்ற முடியாது, மறைக்கவும் கூடாது. அப்படிப்பட்டவர் கொண்டுவரும் நல்ல செய்தியைச் சரிபார்க்கும் பொறுப்பு அந்த நாணயம் இல்லாத இன்னொருவரிடம் போகட்டும்.

கடைசியாக, நீக்குவது பற்றி. அன்று அறக்கட்டளை தன் பதிவை நீக்கியது சரிதான், அது தொடர்ந்து பரவாமல் நின்றது. ஆனால் நீக்கிய பதிவு யாரிடமும் போய்ப் பேசாது. அதைப் பார்த்து வாங்கிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போனவருக்கு, பதிவு மறைந்தது தெரியவே வராது. முதல் பதிவு எந்தெந்த வழிகளில் போனதோ, ட்விட்டர், டெலிகிராம், மின்னஞ்சல், கைபேசி அறிவிப்பு, அந்த எல்லா வழிகளிலும் அதே வேகத்தில் மறுப்பும் போக வேண்டும். பழைய பதிவின் படத்தைக் குறுக்குக் கோடு போட்டு அதனுடன் இணைக்க வேண்டும். எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வாங்கியவர் தன் பரிமாற்றகத்திடமோ காவல்துறையிடமோ புகார் கொடுக்கப் போனால், அவர் கையில் இருக்கும் ஒரே சான்று அதுவாகத்தான் இருக்கும்.